புயலின் பெயரைச் சொல்லத் தயங்கிய காலம்

இளவேனில் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மக்களின் உள்ளத்திலே தென்றலும் மாந்தளிரும் குயிலின் குரலும் தோன்றுதல் இயல்பு. ஆயினும் அப்பருவம் உலகெங்கணும் ஒரே முகத்தோடு வருவதில்லை. வட அமெரிக்கக் கண்டத்தின் நடுவிலே, பேரேரிகளைச் சூழ்ந்தும் அவற்றுக்கு மேற்கேயும், மிச்சிக்கன், விஸ்கொன்சின், மினசோற்றா, ஐயோவா, வட டக்கோற்றா முதலிய மாநிலங்கள் பரந்து கிடக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்கு எனப்படும் பெருநிலத்தின் வடபாகம் இதுவாகும். இங்கே இளவேனில் ஒரு நாள் கோடையைப் போலச் சுடும். அன்று மாலையே இடியும் ஆலங்கட்டியுமாகப் பொழியும். மறுநாட் காலையில் வெண்பனியாய் நிலத்தை மூடும். ஏப்பிரல் மாதத்திலே பனிப்பொழிவு அங்கு புதுமையன்று. மே மாதத்திலும் அது நிகழ்ந்ததுண்டு.

இத்தகைய நாட்டிலே வானத்தைப் பார்த்தல் புலவர்க்குரிய பொழுதுபோக்கன்று; உயிரோடு இருப்பதற்கு வேண்டிய தொழில். அம்மக்கள் வானத்தைப் பார்த்த வரலாற்றோடு இன்னொரு வரலாறும் பின்னிக்கிடக்கின்றது. பார்த்ததைப் பிறர்க்குச் சொல்லலாமா, சொன்னால் அவர்கள் அஞ்சிக் கலங்குவார்களே என்று ஓர் அரசாங்கம் அரை நூற்றாண்டு காலம் தயங்கிய வரலாறு அது. ஐயத்துக்கிடமான ஓர் ஆபத்தை வாய்விட்டுச் சொல்வதா, அன்றி மௌனமாயிருப்பதா என்ற வினா எல்லா நாடுகளுக்கும் பொதுவானதாகையால், அதற்கு அந்நாடு கண்ட விடையை அறிந்துகொள்ளுதல் பயனுடைத்து.

முதலில் அந்நிலத்தின் இயல்பை நோக்குவோம். வட அமெரிக்காவிலே பெருமலைகள் வடக்குத் தெற்காகவே நீண்டுள்ளன. கிழக்கு மேற்காகக் குறுக்கிட்டு நின்று குளிர்காற்றைத் தடுப்பதற்கு இமயம் போன்ற மலை எதுவும் அங்கில்லை. ஆகையால் கனடாவின் உறைந்த சமவெளிகளிலிருந்து புறப்படும் குளிர்ந்த காற்றுத் தடையின்றித் தெற்கே பாய்கின்றது. மெக்சிக்கோக் குடாவிலிருந்து எழும் வெம்மையும் ஈரமும் பொருந்திய காற்றும் அவ்வாறே தடையின்றி வடக்கே ஏறுகின்றது. மேற்கே றொக்கி மலைகளைக் கடந்து வரும் வறண்ட காற்று இவற்றோடு வந்து சேர்கின்றது. குளிர்காலத்திலே குளிர்காற்றும் கோடையிலே வெங்காற்றும் ஆட்சி செலுத்துவதால் அக்காலங்களில் ஓரளவு ஒழுங்குண்டு. இளவேனிலோ இரண்டுக்கும் இடையே நடக்கும் போர்க்காலம். தரையை அடுத்துத் தென்காற்று வீச, உயரத்திலே மேல்காற்று விரைந்து வீசும்போது, இடைப்பட்ட காற்று உருளை போலச் சுழலத் தொடங்குகின்றது. எழுகின்ற இடிமுகில் அவ்வுருளையை நிமிர்த்தி நிறுத்துமாயின், முகில் முழுவதுமே மெல்லச் சுழலும். அத்தகைய முகில்களுட் சிலவற்றின் அடியிலிருந்து புனல் வடிவாக இறங்கி நிலத்தைத் தொடும் கடுஞ் சுழல்காற்றையே மேல்நாட்டார் தொர்னாடோ என்பர். கடலிலே பிறந்து நாட்கணக்காக வீசும் சூறாவளி வேறு, இது வேறு. இதன் அகலம் பெரும்பாலும் சில நூறு யார் மாத்திரமே. ஆயுளும் பெரும்பாலும் சில நிமிடங்களே. ஆனால் அந்தச் சில நிமிடங்களுள் ஓர் ஊரை இல்லாமற் செய்ய அது வல்லது.

ஐரோப்பியர் வருவதற்கு முன்னரே அந்நிலத்தில் வாழ்ந்த ஒஜிப்வே, டக்கோற்றா முதலிய குடியினர் இப்பருவத்தை நுட்பமாக அறிந்திருந்தனர். இரவிலே நீர் உறைந்து பகலிலே உருகும் நாட்களிற்றான் மேப்பிள் மரத்தின் சாறு பெருகி ஓடும். அச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் மாதத்துக்கு ஒஜிப்வே மக்கள் அத்தொழிலின் பெயரையே இட்டனர். இடியை அவர்கள் பெரும் பறவைகளின் செயலாகக் கண்டனர். அப்பறவைகள் இளவேனிலிலே தெற்கிலிருந்து வந்து, இலையுதிர் காலத்திலே திரும்பிச் செல்வன என்பது அவர்தம் நம்பிக்கை. நம்பிக்கையாயினும் அதனுள்ளே கூர்ந்த நோக்கு ஒன்று அடங்கியிருந்தமை வெளிப்படை. அந்நாட்டில் இடிமுழக்கம் தென்காற்றோடு வந்து தென்காற்றோடு மறைவது உண்மையே.

பின்னர் வந்த குடியேற்றக்காரர் தம்மோடு வெப்பமானியையும் பாரமானியையும் கொண்டுவந்தனர். மினசோற்றா ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடுமிடத்தில் அமைந்த சினெலிங் கோட்டையிலே படை மருத்துவர்கள் 1820 ஆம் ஆண்டளவிலிருந்தே நாளாந்த வெப்பநிலையைக் குறித்துவந்தனர். நோய்க்கும் வானிலைக்கும் தொடர்புண்டென்ற கருத்தினால் படை மருத்துவர்க்கு அத்தகைய கட்டளை இடப்பட்டிருந்தது. 1849 ஆம் ஆண்டிலே வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்தின் தலைவர் யோசேப்பு ஹென்றி, நாடெங்கும் தன்னார்வ நோக்குநர்களைச் சேர்க்கத் தொடங்கினார். ஆசிரியர், மருத்துவர், கமக்காரர் எனப் பல திறத்தினர் கூலியின்றி இப்பணியை ஏற்றனர். தந்தி என்னும் புதுமை அப்பொழுதுதான் பரவிக்கொண்டிருந்தது. புயலைவிடத் தந்தி விரைவாகச் செல்லும். மேற்கே புயலைக் கண்டவன் கிழக்கே உள்ளவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்த எளிய உண்மையே பின்வந்த வானிலை எச்சரிக்கை யாவற்றுக்கும் அடிப்படையாயிற்று.

அவ்வுண்மையை அரசாங்கத்தின் செவியில் ஏற்றியவருள் முதன்மையானவர் விஸ்கொன்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் வாழ்ந்த இன்கிறீஸ் லாப்பம் என்பவர். 1811 ஆம் ஆண்டிலே பிறந்த இவர் பள்ளிப்படிப்பு மிகுதியும் பெறாதவர்; கால்வாய் வெட்டும் பணிகளிலே தொழில் கற்றவர். தாவரங்கள், தொல்குடிகளின் மண்மேடுகள், ஏரியின் நீர்மட்டம், வானிலை என அவர் ஆராயாத துறை அருமை. பேரேரிகளிலே ஆண்டுதோறும் கப்பல்கள் புயலுக்கு இரையாவதைக் கண்ட லாப்பம், பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்துக் கணக்கெடுத்தார். 1868, 1869 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மாத்திரம் சேதமுற்றவையும் மூழ்கியவையுமான கப்பல்கள் 3,000 க்கு மேல். மாண்டோர் 530 பேர். இக்கணக்கை அவர் தமது தொகுதிப் பிரதிநிதியாகிய ஹல்பேட் பெயினுக்கு அனுப்பினார். பெயின் காங்கிரஸ் சபையிலே பிரேரணை கொண்டுவந்தார். 1870 ஆம் ஆண்டு பெப்ருவரி 9 ஆந் திகதி சனாதிபதி கிறான்ற் அதற்கு ஒப்பமிட, தேசிய வானிலைச் சேவை படைத்துறையின் சைகைப் பிரிவிலே தோன்றிற்று.

அவ்வாண்டு நவம்பர் முதலாந் திகதி 24 நிலையங்களில் ஒரே வேளையில் நோக்கல்கள் எடுக்கப்பட்டுத் தந்தி மூலம் அனுப்பப்பட்டன. ஒரு வாரங் கழிந்து, நவம்பர் 8 ஆந் திகதி, அச்சேவையில் உதவியாளராக அமர்ந்திருந்த லாப்பம் சிக்காகோவிலிருந்து பேரேரிகளுக்கான முதற் புயல் எச்சரிக்கையை வெளியிட்டார். மேற்கே சயேன், ஓமகா ஆகிய நகரங்களில் வீசிய கடுங்காற்றையும், சிக்காகோவிலும் மில்வாக்கியிலும் பாரமானி இறங்கிக்கொண்டிருந்தமையையும் ஆதாரமாகக் கொண்டு, ஏரிகளிலும் கடுங்காற்று வீசக்கூடும் என அவர் அறிவித்தார். வீசும் என்று உறுதி கூறவில்லை. வீசக்கூடும் என்றே கூறினார். அந்தக் கூடும் என்ற சொல்லிலே ஒரு விஞ்ஞானியின் அடக்கமும் ஒரு குடிமகனின் துணிவும் சேர்ந்திருந்தன.

ஏரிப் புயலைப் பற்றி இவ்வாறு வாய் திறந்த அரசாங்கம், தரையிலே வீசும் சுழல்காற்றைப் பற்றி வாய் திறக்க அஞ்சிற்று. அக்கதையின் நாயகர் மிச்சிக்கன் மாநிலத்தில் அன் ஆபர் நகரின் அயலிலே 1854 ஆம் ஆண்டிற் பிறந்த யோன் பார்க் பின்லி. இவர் 1877 இல் சைகைப் பிரிவிற் சேர்ந்தார். 1879 இளவேனிலிலே கான்சஸ், நெபிராஸ்கா மாநிலங்களைச் சுழல்காற்றுகள் தாக்கியபோது அவற்றின் தடங்களை ஆராய்வதற்கு அனுப்பப்பட்டார். இடிந்த வீடுகளையும் பெயர்ந்த மரங்களையும் நேரிற் கண்ட பின் அவர் வேறெதனையும் நினைத்தாரில்லை. பழைய குறிப்புகளைத் தேடி 600 சுழல்காற்றுகளின் இயல்பைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். சுழல்காற்றைக் கண்டால் உடனே எழுதி அறிவிப்பதற்கென ஊர்தோறும் தன்னார்வ அறிவிப்பாளரை நியமித்தார். 1884 இல் ஏறத்தாழ ஆயிரமாயிருந்த அவர்களின் தொகை பின்னர் இரண்டாயிரத்தையும் கடந்தது.

1884 ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாகப் பின்லி சுழல்காற்றை முன்னறிவிக்கும் பரிசோதனையைத் தொடங்கினார். மூன்று மாத முடிவிலே தமது கூற்றுகளில் நூற்றுக்கு 96 க்கு மேற்பட்டவை மெய்யாயின என்று அறிவித்தார். புவியியலறிஞர் கில்பெற் என்பார் அக்கணக்கைப் பிரித்து நோக்கினார். 2,803 கூற்றுகளுள் மிகப் பெரும்பாலானவை சுழல்காற்று வராது என்பவை. அவை மெய்யாதல் எளிது. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு எந்நாளும் வராது என்றே சொல்லியிருந்தால் நூற்றுக்கு 98 க்கு மேல் மெய்யாகியிருக்கும்! வரும் என்று பின்லி கூறியவை சரியாக 100. அவற்றுள் வந்தவை 28. வந்த சுழல்காற்றுகளுள் அவர் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டவை 23. கணிதம் கற்போர்க்கு இன்றும் நல்ல பாடமாக விளங்கும் திறனாய்வு இது.

ஆயினும் இதே எண்களை வேறொரு கண்ணாலும் பார்க்கலாம். அம்மூன்று மாதங்களில் எதிர்பட்ட 51 சம்பவங்களுள் 28 ஐ ஒருவர் முன்கூட்டியே சொன்னார். பாரமானியும் தந்தியும் தவிர வேறு கருவியில்லாத காலத்திலே இஃது அற்பமான செயலா? பயன் எது என்பதை அளக்கும்போது, தவறிய எழுபத்திரண்டை எண்ணுவதா, தப்பியிருக்கக்கூடிய உயிர்களை எண்ணுவதா என்ற கேள்வி இங்கே பிறந்தது.

அதிகாரிகள் எழுபத்திரண்டையே எண்ணினர். சுழல்காற்று வரும் என்று அறிவித்தால் மக்கள் கலவரமடைவர். ஓரிடத்திலே வீசும் சிறு காற்றுக்காக ஒரு மாநிலமே தொழிலை விட்டு ஓடும். அதனால் விளையும் கேடு அக்காற்றினால் விளையும் கேட்டினும் பெரிதாகும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் முற்றிலும் மூடத்தனமானது எனத் தள்ளிவிட முடியாது. எந்த ஊரில் எந்த மணியில் என்று சொல்ல இயலாத அறிவிப்பினால் மக்கள் என் செய்வர் என்று பொறுப்புள்ள ஒருவர் தயங்குதல் இயல்பே. எவ்வாறாயினும் 1880 களின் பிற்பகுதியில் பின்லியின் ஆய்வு நிறுத்தப்பட்டது. தொர்னாடோ என்னும் சொல் அரசாங்க முன்னறிவிப்புகளிலிருந்து விலக்கப்பட்டது. 1891 இல் சேவை படைத்துறையிலிருந்து விவசாயத் திணைக்களத்துக்கு மாறிய பின்னரும் அவ்விலக்கு நீடித்தது. 1905 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் அதனை வெளிப்படையாகவே எழுதின. பின்லி வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டு, பிற்காலத்திலே பிலிப்பைன் தீவுகளில் நிருவாகியாகப் பணியாற்றினார்.

காற்று அவ்விதிகளைப் படித்ததில்லை. 1886 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆந் திகதி மினசோற்றாவிலே செயின்ற் கிளவுட், சோக் றப்பிட்ஸ் ஆகிய ஊர்களை ஒரு சுழல்காற்றுத் தாக்கியது. மாண்டோர் 72 பேர். றைஸ் என்னும் ஊரருகே ஒரு திருமணத்துக்குக் கூடியிருந்தோரில் 11 பேர் அதில் அடங்குவர். அம்மாநில வரலாற்றில் அதனினும் அதிகமான உயிர்களைக் கொண்ட சுழல்காற்று இன்றுவரை இல்லை. 1899 ஆம் ஆண்டு யூன் 12 ஆந் திகதி, விஸ்கொன்சினிலுள்ள நியூ றிச்மண்ட் என்ற சிற்றூரிலே சர்க்கஸ் நடந்தது. அதனைக் காண அயலூரெல்லாம் திரண்டிருந்தது. ஆட்டம் முடிந்து மக்கள் தெருக்களில் நின்ற மாலை வேளையிலே சுழல்காற்று ஊரின் நடுவே புகுந்தது. 117 பேர் இறந்தனர். சற்றுத் தெற்கே, மிசூரி, இலினோய், இந்தியானா மாநிலங்களூடே 1925 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆந் திகதி சென்ற சுழல்காற்று 695 உயிர்களைக் கவர்ந்தது. இவற்றை அக்கால விஞ்ஞானம் துல்லியமாக முன்னறிந்திருக்கும் என்று கூறுதல் மிகையாகும். ஆனால் முயலுவதற்கே தடை விதிக்கப்பட்டிருந்தமையினால், அறிவு வளர்வதற்குரிய ஐம்பது ஆண்டுகள் வீணாயின என்று கூறுதல் மிகையன்று. பிழைபட முன்னறிவித்தவனே தன் பிழையிலிருந்து கற்கிறான். வாய் மூடியவனுக்குப் பிழையுமில்லை, கல்வியுமில்லை.

1938 ஆம் ஆண்டிலே தடை தளர்ந்தது. 1943 இல் காலமான பின்லி அதனைத் தம் முதுமையிலே காணும் பேறு பெற்றார். எனினும் துணிவு பிறந்தது பத்தாண்டு கழித்தே. 1948 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆந் திகதி ஒக்லஹோமாவிலுள்ள ஒரு விமானப்படைத் தளத்தைச் சுழல்காற்றுச் சிதைத்தது. அங்கு பணியாற்றிய போபுஷ், மில்லர் என்னும் இரு உத்தியோகத்தர்கள் அன்றைய வானிலைப் படங்களை ஆராய்ந்துகொண்டிருக்கையில், ஐந்தே நாட்களிலே, மார்ச் 25 ஆந் திகதி, அதே அறிகுறிகள் மீண்டும் தோன்றக் கண்டனர். ஒரே இடத்தை ஐந்து நாட்களுள் இருமுறை சுழல்காற்றுத் தாக்குதல் எத்துணை அருமையானது! ஆயினும் அவர்கள் எச்சரித்தனர், விமானங்கள் ஒதுக்கப்பட்டன, அன்று மாலை சுழல்காற்று அத்தளத்தின் மீதே வந்தது. அதன்பின் மௌனத்துக்கு நியாயம் கூறுதல் அரிதாயிற்று. 1950 இல் வானிலைப் பணியகத்தின் தலைவர் றைக்கல்டேபர், சுழல்காற்றைப் பற்றிப் பொதுமக்களுக்கு அறிவிக்கத் தடையில்லை எனச் சுற்றறிக்கை விடுத்தார். 1952 முதல் முன்னறிவிப்புகள் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டன.

எனினும் சொல்வதற்கு உரிமை கிடைத்தால் மாத்திரம் போதுமா? சொல்லுக்குப் பொருளாகிய அறிவும் வேண்டும். 1953 ஆம் ஆண்டு யூன் 8 ஆந் திகதி மிச்சிக்கன் மாநிலத்தின் பிளின்ற் நகர்ப்புறத்தில் 116 பேர் மாண்டனர். அதே ஆண்டு சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்கு யப்பானிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்துசேர்ந்தார். அவர் பெயர் தெத்சுயா புஜித்தா. 1945 இல் ஹிரோஷிமா, நாகசாக்கி நகரங்களின் அழிவிடங்களை நேரிற் சென்று ஆராய்ந்தவர் அவர். விழுந்த மரங்கள் கிடக்கும் திசையைக் கொண்டே அவற்றை வீழ்த்திய காற்றின் போக்கை உய்த்துணரும் கலையை அங்கேயே கற்றார்.

1957 ஆம் ஆண்டு யூன் 20 ஆந் திகதி வட டக்கோற்றாவின் பார்கோ நகரைச் சுழல்காற்றுத் தாக்கியது. சமவெளியிலே அது வெகுதூரத்துக்குத் தெரிந்தமையால், நகரமக்கள் பலர் தத்தம் இடத்திலிருந்தே அதனைப் படம் பிடித்திருந்தனர். புஜித்தா அங்கு சென்று, உள்ளூர்த் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர் ஒருவரின் துணையோடு ஏறத்தாழ 150 படங்களைத் திரட்டினார். ஒவ்வொரு படமும் எங்கிருந்து, எந்நேரத்தில் எடுக்கப்பட்டது எனக் கணித்து, முகிலின் வாழ்க்கையை நிமிடந்தோறும் வரைந்து காட்டினார். சுழல்காற்றுப் பிறக்கும் முன்பு இடிமுகிலின் அடியிலே சுவர் போலத் தாழ்ந்து தொங்கும் ஒரு பகுதி உண்டென்பது அதனாற் புலப்பட்டது. அதற்குச் சுவர் முகில் என்று பெயரிட்டார். எதனைப் பார்க்கவேண்டும் என்று வானம் பார்ப்போர்க்குச் சொல்லும் கல்வி இவ்வாறு வானம் பார்த்த சாதாரண மக்களின் படங்களிலிருந்தே பிறந்தது. 1971 இல் சுழல்காற்றின் வலிமையைச் சேதத்தைக் கொண்டு அளக்கும் அளவுமுறையையும் அவர் வகுத்தார். திருத்தப்பட்ட வடிவிலே அது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

இவ்வரலாறு முழுவதையும் ஒரே பருவத்திற் சுருக்கிக் காட்டியது 1965 ஆம் ஆண்டின் இளவேனில். மார்ச் மாதத்திலே மினசோற்றாவில் பெரும்பனி பொழிந்தது. ஏப்பிரலிலே அது உருகி மழைநீரோடு சேர்ந்து மிசிசிப்பியிற் பெருகிற்று. 16 ஆந் திகதி செயின்ற் போல் நகரில் ஆறு 26 அடி உயர்ந்தது. அந்த அளவை அது பின்னர் ஒருபோதும் எட்டியதில்லை. அதற்கு ஐந்து நாள் முன்பு, ஏப்பிரல் 11 ஆந் திகதி, குருத்தோலை ஞாயிறு. அன்று நண்பகல் தொடங்கி ஐயோவா, இலினோய், விஸ்கொன்சின், இந்தியானா, மிச்சிக்கன், ஓகாயோ மாநிலங்களில் சுழல்காற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 260 க்கு மேற்பட்டோர் இறந்தனர். முன்னறிவிப்புகள் வெளியிடப்பட்டிருந்தன; ஆனால் அவை பலரைச் சென்றடையவில்லை. இதமான ஞாயிற்றுக்கிழமையில் மக்கள் ஆலயங்களிலும் வெளியிடங்களிலும் இருந்தனர். கேட்டவர்களுள்ளும் பலருக்கு, வரக்கூடும் என்ற முன்னறிவிப்புக்கும் வந்துவிட்டது என்ற எச்சரிக்கைக்கும் இடையேயுள்ள வேறுபாடு விளங்கவில்லை.

இருபத்தைந்து நாள் கழித்து, மே 6 ஆந் திகதி மாலை, மினியாப்பொலிஸ், செயின்ற் போல் என்னும் இரட்டை நகரங்களைச் சூழ ஆறு சுழல்காற்றுகள் இறங்கின. பிரிட்லி என்ற புறநகரை அவற்றுள் இரண்டு அடுத்தடுத்துத் தாக்கின. பகைவரின் விமானத் தாக்குதலை அறிவிப்பதற்கென நிறுவப்பட்டிருந்த அபாயச் சங்குகள் அன்றுதான் அந்நகரங்களில் முதன்முறையாகச் சுழல்காற்றுக்காக ஊதப்பட்டன. டபிள்யூ.சீ.சீ.ஓ. என்னும் வானொலி நிலையம் ஏனைய நிகழ்ச்சிகளை நிறுத்தி, புனல் எங்கே தெரிகிறது, எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை இடைவிடாது ஒலிபரப்பியது. கண்டவர்கள் தொலைபேசியில் நிலையத்துக்குக் கூறினர். நிலையம் அதனைக் காணாதவர்க்குக் கூறிற்று. மக்கள் வானொலிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நிலவறைகளிற் புகுந்தனர். நூற்றுக்கணக்கான வீடுகள் அழிந்தன. 13 பேர் மாண்டனர். ஆறு மாநிலங்களில் நேர்ந்த அழிவையும் ஒரு நகரத்தின் அழிவையும் எண்ணிக்கையால் மாத்திரம் ஒப்பிடுதல் நேரன்று. ஆயினும் அன்றிரவு பலரின் உயிரைக் காத்தது சங்கும் வானொலியுமே என்று அந்நகரத்தார் இன்றளவும் கூறுவர்.

முக்கியமான இன்னொன்றும் உண்டு. 1880 களின் அதிகாரிகள் அஞ்சிய கலவரம் அன்று நிகழவில்லை. ஆபத்து எது, எங்கே, என்ன செய்யவேண்டும் என்று தெளிவாகச் சொல்லப்பட்டபோது இலட்சக்கணக்கான மக்கள் அமைதியாகவே செயற்பட்டனர். மக்களைக் கலங்கச் செய்வது செய்தியன்று. செய்தியின்மையும் அரைகுறைச் செய்தியுமே.

குருத்தோலை ஞாயிற்றின் படிப்பினையால் எச்சரிக்கை இரண்டு படிகளாக வகுக்கப்பட்டது: வானத்தைக் கவனித்திருங்கள் என்பது ஒன்று, உடனே ஒதுங்குங்கள் என்பது மற்றொன்று. தன்னார்வ நோக்குநரைப் பயிற்றும் திட்டமும் நாடளாவ விரிந்தது. இன்றும் வடபகுதி ஊர்களிலே இளவேனில் தொடங்குமுன் அதற்குரிய வகுப்புகள் நடைபெறுகின்றன. தீயணைப்பாளர், கமக்காரர், வானொலி ஆர்வலர் ஆகியோர் அங்கு வந்து முகில்களைப் படிக்கக் கற்கின்றனர். பட்டடைக் கல் போல மேலே விரிந்த முகில், மழையற்ற அடிப்பகுதியிலே தாழும் சுவர் முகில், அது சுழல்கின்றதா அன்றித் தொங்குகின்றதா என்ற வேறுபாடு ஆகியவை அவர்களின் அரிச்சுவடி. பழைய நம்பிக்கைகளும் இவ்வாறு சோதிக்கப்பட்டன. நிலவறையின் தென்மேற்கு மூலையே பாதுகாப்பானது என்ற நெடுங்காலக் கருத்து, 1966 இல் கான்சஸ் மாநிலத்தின் தொப்பீக்கா நகர் தாக்கப்பட்ட பின் வீடுவீடாக நடத்திய ஆய்வினால் பிழையெனக் கண்டறியப்பட்டது.

1990 களிலே காற்றின் வேகத்தையே அளக்கவல்ல றேடார்கள் நாடெங்கும் நிறுவப்பட்டன. அவை வந்தபின் மனிதக் கண்ணுக்கு வேலையில்லை என்று எண்ணலாகாது. பூமி உருண்டையாதலால், றேடாரின் கதிர் தொலைவு செல்லச் செல்ல நிலத்தை விட்டு உயர்ந்துவிடுகின்றது. முகிலின் வயிறு சுழல்வதை அது காணும். புனல் நிலத்தைத் தொட்டதா என்பதைப் பெரும்பாலும் காணாது. அதனை வயலோரத்தில் நிற்கும் ஒருவரே சொல்லவேண்டும்.

பின்லியின் பழைய கேள்வியும் தீர்ந்துவிடவில்லை. இன்று வெளியிடப்படும் சுழல்காற்று எச்சரிக்கைகளிலும் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பொய்த்துப்போகின்றன. அவர் காலத்து எச்சரிக்கை ஒரு பெரும் பிரதேசத்துக்கு உரியது. இன்றையது சில ஊர்களுக்கும் சில நிமிடங்களுக்கும் உரியது. வளர்ச்சி அவ்விடத்திலே உளது. ஆயினும் பொய்த்த எச்சரிக்கைக்கு ஒரு விலை உண்டு. பிளின்ற் நகருக்குப் பின்னர் 58 ஆண்டுகளாக நூறு உயிரைக் கொண்ட தனிச் சுழல்காற்று அந்நாட்டில் இல்லை. 2011 ஆம் ஆண்டு மே 22 ஆந் திகதி மிசூரி மாநிலத்து யொப்ளின் நகரில் அது மீண்டும் நேர்ந்தது. 150 க்கு மேற்பட்டோர் இறந்தனர். சங்குகள் உரிய காலத்தில் ஊதின. ஆனால் அவற்றை அடிக்கடி கேட்டுப் பழகிய பலர், வேறோர் அடையாளத்தையும் கண்டபின் ஒதுங்கலாமெனத் தாமதித்தனர் என்று பின்னர் நடந்த விசாரணை கண்டது. ஆகவே பழைய அதிகாரிகளின் அச்சத்திலும் ஒரு துளி உண்மை இருந்தது. ஆனால் அவர்கள் நோயை ஓரளவு அறிந்தும் மருந்தைப் பிழையாகக் கொடுத்தனர். பொய்த்த எச்சரிக்கைக்கு மருந்து மௌனமன்று. மேலும் நுட்பமான நோக்கும், மேலும் தெளிவான சொல்லும், கேட்போரின் நம்பிக்கையைப் பெறும் நேர்மையுமே.

லாப்பம் பத்திரிகைத் துண்டுகளைச் சேர்த்தார். பின்லி ஊரூராக நோக்குநரைச் சேர்த்தார். புஜித்தா படங்களைச் சேர்த்தார். மினியாப்பொலிஸ் வானொலி நிலையம் ஒரு மாலைப்பொழுதில் கண்டவரின் குரலையும் காணாதவரின் செவியையும் சேர்த்தது. வடக்கின் இளவேனில் இன்னும் பழையபடியே வருகின்றது; வெம்மையும் பனியும் இன்னும் அச்சமவெளியிலே மோதுகின்றன. அதனை மாற்ற மனிதனால் இயலவில்லை. ஆனால் வருவதைக் கண்டவன் அதனை அதன் பெயராலேயே அழைத்து அயலானுக்குச் சொல்லலாம் என்பதை அந்நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது. காண்பவன் தயங்காது சொல்லுதலும், கேட்பவன் அசட்டை செய்யாது செயற்படுதலும் ஒருங்கே அமையும் ஊரே புயற்காலத்திற் பாதுகாப்பான ஊர் ஆகும்.